காவிரி மேலாண்மை ஆணையம் கோர்ட்டு பக்கமா, கவர்மெண்ட் பக்கமா?

நிர்வாகத்துறைதாங்க, நீதித்துறை இல்ல. மாதிரித் தேர்வுல நீதித்துறைன்னு போட்டு மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க, விடைக்குறிப்புல தப்பில்ல.

குழப்பம் எங்கேர்ந்து வந்திருக்கும்னா, 2018 பிப்ரவரி 16 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்போ டீக்கடையிலெல்லாம் "கோர்ட்டு போட்ட ஆணையம்"னே பேச ஆரம்பிச்சாங்க, எங்க மன்னார்குடி பக்கம் இன்னும் அப்படித்தான் பேச்சு. கோர்ட்டு சொன்னது பங்கீடு, அதாவது எல்லையில இருக்குற பிலிகுண்டுலுவுல கர்நாடகா தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது வருஷத்துக்கு 177.25 டிஎம்சி, அப்புறம் அத செயல்படுத்த ஒரு திட்டம் வகுக்கணும்னு மத்திய அரசுக்கு உத்தரவு, அவ்ளோதான். 2018 ஜூன் 1ல கெசட்ல போட்டு ஆணையத்த அமைச்சது மத்திய அரசு. அதுக்கு அதிகாரம் குடுத்த 1956 நதிநீர்த் தகராறு சட்டம் பார்லிமெண்ட் போட்டது. மேட்டூர்லேர்ந்து வர்ற ஒரே தண்ணிக்கு மூணு பேரும் வேல பாத்திருக்காங்க பாருங்க.

இனிமே இப்படி கேள்வி வந்தா ஒண்ணு செய்ங்க: அமைப்போட பேர விட்டுட்டு, அத அமைச்ச அறிவிக்கைய எந்த அமைச்சகம் வெளியிட்டுச்சுன்னு தேடுங்க. அமைச்சகம் பேர் இருந்தா பெரும்பாலும் நிர்வாகம்தான்.

ஆனா 1990ல வந்த காவிரி நடுவர் மன்றத்துக்கு இந்த ரூல் ஒத்து வராது. அதையும் அமைச்சது மத்திய அரசுதான், ஆனா உக்காந்து விசாரிச்சது நீதிபதிங்க, 2007ல இறுதித் தீர்ப்பும் குடுத்தாங்க, அதனால அது நீதித்துறை மாதிரி இயங்குற தீர்ப்பாயம். ரெண்டையும் ஒண்ணாக்கி எழுதிடாதீங்க.