எல்லாரும் ஃபார்வேர்ட்னா கோலி யாரு?

கேள்வி: வணக்கம்ங்கண்ணா, நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். ஊர்ப் பசங்க 18 பேர சாயங்காலம் ஃபுட்பால் ஆட வைக்கறேன், எல்லாரும் 13 வயசுக்குள்ள. அடுத்த மாசம் பொள்ளாச்சில ஒரு லெவன்ஸ் (டீமுக்கு 11 பேர்) டோர்னமெண்ட்டுக்கு கூப்புட்டிருக்காங்க. 12 பேர் ஃபார்வேர்டுதான் ஆடுவேங்கறாங்க, கோலி (கோல்கீப்பர்) நிக்க ஒருத்தனும் வரமாட்டேங்கறான், எடங்கால் ஆட்டக்காரன் ஒரே ஒருத்தன்தான். வளந்த பசங்கள எறக்கிட்டு சின்னவங்கள பெஞ்சுல வெக்கலாமான்னு யோசிக்கறேன். டீமை எப்படிங்க பேலன்ஸ் பண்றது?

பதில்: தம்பி, கடைசியா சொன்னியே வளந்த பசங்க, அதை மட்டும் பண்ணிராத. முதல்ல 18 பேரோட பொறந்த தேதிய ஒரு நோட்டுல எழுதிப் பாரு. ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் ஒரே ஏஜ் குரூப்லதான் வர்றாங்க, ஆனா நடுவுல 11 மாசம் இருக்கு, 12 வயசுல அது எவ்ளோ பெரிய வித்தியாசம்னு ஸ்கூல் அசெம்பிளி லைன்ல பாத்தாலே தெரியும். பெரிய பெரிய நாட்டு அகாடமிலயே வருஷத்தோட முதல் மாசங்கள்ல பொறந்த பசங்கதான் நெறைய பேர் செலக்ட் ஆகறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணவங்க திரும்பத் திரும்ப சொல்லிருக்காங்க. நல்லா ஆடறான்னு நாம நெனைக்கறதுல பாதி, அவன் முந்தி வளந்ததுதான். இன்னிக்கு பெஞ்சுல உக்கார வெச்ச டிசம்பர் பையன் 16 வயசுல அந்த ஜனவரி பையனுக்கு சமமா வளந்து நிப்பான், ஆனா அதுக்குள்ள ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிருப்பான். எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கும்.

அடுத்தது அந்த 12 ஃபார்வேர்டு. உங்க பாலக்காடு பக்கம் பசங்க செவன்ஸ் (டீமுக்கு 7 பேர் ஆட்டம்) பாத்தே வளர்றாங்க, அதுல ஆஃப்சைடு, அதாவது பாஸ் வர்றப்ப எதிர் டீமோட கடைசி டிஃபெண்டரத் தாண்டி நிக்கக் கூடாதுங்கற ரூல் கிடையாது, கோல் போஸ்ட் பக்கத்துலயே நின்னா பந்து வரும், அடிச்சா கைதட்டு. அப்பறம் யாருக்கு பேக்கா, பின்னாடி நின்னு தடுத்து ஆடத் தோணும்? லெவன்ஸ்ல அந்தப் பழக்கம் ரெண்டு விதத்துல அடி வாங்கும், முன்னாடி நிக்கறவன் ஆஃப்சைடுல மாட்டுவான், பின்னாடி நாலு பேரும் ஒரே வரிசையா ஒண்ணா முன்னேறத் தெரியாம ஆளுக்கொரு பக்கம் நிப்பாங்க. அதனால தெனமும் 20 நிமிஷம் ஆஃப்சைடு வெச்சு சின்ன மேட்ச் ஆட விடு, ஒவ்வொரு 5 நிமிஷத்துக்கும் பொசிஷன மாத்திட்டே இரு. யாரு சொல்லாமயே திரும்பி ஓடி வர்றான், பந்து கால்ல வாங்கறதுக்கு முன்னாடியே தலையத் தூக்கி யாரு பாக்கறான்னு ரெண்டே வாரத்துல தெரிஞ்சிரும். மொதல்ல சொன்னவன் உன் பேக், ரெண்டாவது ஆளு மிட்ஃபீல்டு.

கோலிக்கு வா. ஓடத் தெரியாதவன கோலி நிக்க வெக்கறது நம்ம ஊர்ல பழைய வழக்கம், அதான் எவனும் வரமாட்டேங்கறான். போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி ஒயரம், 12 வயசுப் பையன் தலைக்கு மேல போற பந்துக்கு அவனத் திட்டாத. 1992ல இருந்து நம்மாளு வேணும்னே காலால குடுக்கற பாஸை கோலி கையால எடுக்கக் கூடாது, அதனால அவனுக்கும் கால் ஆட்டம் தெரியணும். ரெண்டு மூணு பேர தேர்ந்தெடுத்து, பாதி மேட்ச் கோலி, பாதி மேட்ச் வெளிய ஆட்டம்னு வெளிப்படையா சொல்லிரு, வருவாங்க.

எடங்கால் பையன் ஒருத்தன் இருக்கறதே அதிர்ஷ்டம்தான். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்புக்கு அட்டாக்ல ஆடி பேர் வாங்கினவரு, 2019-20ல கொல்கத்தா கிளப் ஏடிகே அவர எடது பக்கம் விங் பேக்கா (ஓரத்துல தடுத்துட்டு முன்னாடியும் ஓடற ஆளு) கீழ எறக்குச்சு, அந்த வருஷம் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப்பும் அடிச்சாங்க. உன் பையனையும் முன்னாடி, பின்னாடி ரெண்டு எடத்துலயும் ஆட விட்டுப் பாரு.

கேள்வி: சார், நாங்க களியக்காவிளை. கோச் எம் பையன ஸ்டாப்பர்ல (பின்னாடி நடுவுல நின்னு தடுக்கற எடம்) போட்டுட்டாரு, கோல் அடிக்க முடியலன்னு தெனமும் அழறான். கிளப் மாத்திரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. ஜெர்மனி 2014 வேர்ல்டு கப் ஜெயிச்சப்ப கேப்டன் பிலிப் லாம், ஒயரம் 170 சென்டிமீட்டர், முக்காவாசி பேக் ஆட்டக்காரரு, நாட்டுக்காக 113 மேட்ச்ல மொத்தம் 5 கோல்தான். பையன்கிட்ட இத சொல்லுங்க. ஆனா வருஷம் முழுக்க அந்த ஒரே எடத்துல நிக்க வெச்சா கோச்கிட்ட நேர்ல போய் கேளுங்க, இந்த வயசுல எல்லா எடமும் ஆடிப் பாக்கணும். மேட்ச் முடிஞ்சு வந்ததும் இன்னிக்கு எத்தன பந்து பறிச்சேன்னு கேளுங்க, அவனே உக்காந்து எண்ணிச் சொல்லுவான்.