விடியுமுன் இருபது நிமிடம்: டெல்டா கரையில் கேமராவோடு

மாயவரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணமும் காதுகுத்தும் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத நாளில் விடிகாலை பூம்புகார், தரங்கம்பாடி என்று போய் நிற்பது பழகிப்போன கிறுக்கு. உதயம், அஸ்தமனம் படமெடுப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துக்கொண்டேன். "எந்த கேமரா வாங்கலாம்" என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன்; அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும்.

கும்பகோணம், கல்லூரி மாணவர்: அண்ணா, யூடியூபில் 'கோல்டன் ஹவர்', அதாவது உதயத்தை ஒட்டி வரும் பொன் வெளிச்சம், ஒரு மணி நேரம் என்கிறார்கள். தரங்கம்பாடியில் சூரியன் வந்து அரை மணிக்குள் வெளிச்சம் வெளுத்துவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

தப்பு உங்கள் மேல் இல்லை தம்பி, அந்த வீடியோக்கள் ஐரோப்பாவில் எடுத்தவை. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து சாய்ந்து ஏறும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்கே. இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பிவிடும். சூரிய வட்டம் கடலை விட்டு முழுசாக வெளியே வர இரண்டு நிமிடம் சொச்சம். அப்புறம் 6 டிகிரி உயரம் ஏற இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் கல்யாண மண்டப ஹாலஜன் மாதிரிதான் அடிக்கும்.

ஆனால் உதயத்துக்கு முன்னால் 20 முதல் 23 நிமிடம் ஒரு வெளிச்சம் இருக்கிறது. நிழலே விழாது, மணலும் தண்ணீரும் வானத்தின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். என்னிடம் உருப்படியாகத் தேறின படங்களில் பாதிக்கு மேல் சூரியன் வருவதற்கு முன்பு எடுத்தவை. நீங்கள் பைக்கை நிறுத்தும்போதே அது முடிந்துபோயிருக்கும்.

நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கரையில் மே கடைசியில் 5.45 வாக்கில் உதயம். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் டிரைபாட் (கேமரா முக்காலி) மணலில் நிற்க வேண்டும். டீயை அப்புறம் குடிக்கலாம்.

நாகப்பட்டினம், வங்கி ஊழியர்: நம் பக்கம் கடலில் சூரியன் மறைவதை எடுக்கவே முடியாதா சார்? கன்னியாகுமரிக்குத்தான் போக வேண்டுமா?

நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால், பூம்புகார் எல்லாம் கிழக்கு பார்த்த கரை. அங்கே சூரியன் தென்னந்தோப்புக்குப் பின்னால்தான் இறங்கும். ஆனால் வரைபடத்தில் கோடியக்கரையைப் பாருங்கள். கரை அங்கே மடங்கி மேற்கே முத்துப்பேட்டை பக்கம் போகிறது. தெற்கே பாக் நீரிணை. மார்கழியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி மறைகிறது. அந்தத் திசையில் கோடியக்கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்தான். அதே ஊரில் காலையில் வங்காள விரிகுடாவில் உதயமும் கிடைக்கும். ஆனியில் போனால் ஏமாந்து வருவீர்கள். அப்போது சூரியன் வடமேற்கே தரைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் என்பதால் எந்த இடம் வரை, எந்த நேரம் வரை விடுவார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பூநாரைகள் வந்து இறங்கும் பருவமும் அந்த மார்கழியை ஒட்டித்தான். பறவைக்குக் கிட்டே போய் விரட்டிப் பறக்கவிட்டுப் படமெடுக்கிற ஆட்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இன்னொன்று. சாயங்காலம் கிழக்குக் கரையில் நிற்பதை வீண் என்று நினைக்காதீர்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் மறைந்ததும் எதிரே கடல் விளிம்பில் நீலச் சாம்பலாய் ஒரு பட்டை எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஸ் நிறத்தில் இன்னொரு பட்டை. பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். பௌர்ணமிக்கு முதல் நாள் போனால் அந்த ரோஸ் பட்டைக்குப் பக்கத்திலேயே நிலா நிற்கும், தரையிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். பௌர்ணமி அன்றே போனால் நிலா மேலே வருவதற்குள் ஊர் இருட்டிவிடுகிறது.

மன்னார்குடி, ஆசிரியை: கடலுக்குப் போக வசதியில்லை. வயல்வெளியில் எடுத்தால் தட்டையாக, ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது.

டெல்டா தட்டைதான் டீச்சர், மேடு என்று சொல்ல ஆற்றங்கரையை விட்டால் எதுவும் இல்லை. அதனால் தண்ணீரைப் பிடியுங்கள். சம்பா நடவு முடிந்து பயிர் மூடாத இரண்டு மூன்று வாரம் வயல் கண்ணாடியாக இருக்கும். கேமராவை வரப்புக்கு ஒரு சாண் மேலே இறக்கி வையுங்கள். நின்றபடி எடுத்தால் நாற்றும் சேறும்தான் விழும், குனிந்தால் வானம் முழுசும் வயலுக்குள் வந்துவிடும். நவம்பரில் சூரியன் 5.45க்கே மறைந்துவிடுவதால் பள்ளி விட்டதும் நேரே வரப்புக்குப் போக வேண்டியிருக்கும். தை பிறக்கிற சமயம் விடிகாலைப் பனி தரையோடு படுத்துக் கிடக்கும். பனைமரம் இடுப்புக்குக் கீழே இல்லாத மாதிரித் தெரியும். அந்தப் பனி வெயில் பட்டால் ஓடிவிடும்.

பட்டுக்கோட்டை, மளிகைக் கடைக்காரர்: என் படம் எல்லாம் ஒரு ஆரஞ்சு உருண்டை, கீழே ஒரு கோடு. வீட்டில் காட்டினால் போன வாரமும் இதைத்தானே காட்டினாய் என்கிறார்கள்.

வீட்டில் சொல்வது சரி. உருண்டை எல்லா ஊரிலும் ஒரே உருண்டை. முன்னால் என்ன நிற்கிறது என்பதில்தான் படம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கடலோரம் மனோரா கோபுரம் இருக்கிறது. சரபோஜி மன்னர் நெப்போலியன் தோற்றதற்காக 1814 வாக்கில் கட்டினது. அங்கே பாக் நீரிணை குளம் மாதிரிக் கிடக்கும், அலை பெரிதாக இல்லை. நிற்கிற படகின் நிழல் கலையாமல் விழும். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முகம் கடலைப் பார்த்து. முதல் வெயில் சுவரில் விழும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டையை எடுங்கள். கரையில் நூறு பேர் இருந்தால் தொண்ணூற்றொன்பது பேர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கமே கடல் தின்று மிச்சம் வைத்த மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் கட்டினது. அதையும் சூரியனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றால் தெற்கே நின்று வைகாசி ஆனியில் முயலுங்கள். மார்கழிக்குள் சூரியன் 48 டிகிரி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. 35 எம்எம் லென்ஸ் பார்க்கிற அகலத்தில் கிட்டத்தட்ட முழுசும் அது.

பொருள் என்றால் கட்டடம் மட்டும் இல்லை. கரைவலை, அதாவது கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற இடத்தில் நின்றிருக்கிறீர்களா? இரண்டு வரிசையாக ஆட்கள் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் கயிறு விறைக்கும். விறைக்கிற நொடியில் அதிலிருக்கிற தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறும். சூரியன் எதிரே ஒரு விரல் உயரத்தில் இருந்தால் அந்தத் துளி ஒவ்வொன்றும் எரியும். கயிறு முழுக்க நெருப்பு வைத்த மாதிரி. ஷட்டர் வேகம் 1/1000 செகண்ட், கேமரா இடுப்பு உயரம். எனக்கு அது ஒரே ஒருமுறை சரியாக விழுந்தது, நாலு வருடம் போன பிறகு. முதல் நாள் கேமராவை எடுக்காமல் சும்மா பேசிவிட்டு வாருங்கள். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் "தம்பி, வாடை திரும்பிடுச்சு, நாளைக்கு வானம் வெளுக்கும், வா" என்று அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் நாகைத் துறைமுகத்தில் கடுவையாற்றில் நெருக்கியடித்து நிற்கும். கடலுக்குப் போகிற படகு வேண்டாம், கொடிமரமும் நிறமும் போதும் என்றால் அந்த இரண்டு மாதம் போங்கள்.

திருவாரூர், புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கியவர்: வானம் சரியாக வந்தால் தரை கறுப்பு, தரை வந்தால் வானம் வெள்ளை.

கேமராவுக்கு நம் கண் அளவுக்குச் சமாளிப்பு கிடையாது. ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், வானத்தின் வெளிச்சத்துக்கு அளந்து எடுங்கள். கறுத்த தரையைப் பின்னால் கொஞ்சம் தூக்கலாம், வெளுத்த வானத்தை எந்த சாஃப்ட்வேரும் மீட்காது. இல்லாவிட்டால் டிரைபாடில் வைத்து இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மூன்று படம் எடுத்து இணையுங்கள். மேல்பாதி கறுத்துக் கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும் ஃபில்டரும் உண்டு; கடலுக்கு அது அருமை, அடிவானம் ஸ்கேல் வைத்த மாதிரி இருப்பதால். மலைக்கு அதை எடுத்துப் போகாதீர்கள், சிகரத்தின் தலையும் சேர்ந்து கறுத்துவிடும். அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8 இல் இருந்து 11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 'டேலைட்'. ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் செம்மையைக் கோளாறு என்று நினைத்துத் திருத்திவைக்கும்.

டெலி லென்ஸ் (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) போட்டு வியூஃபைண்டர் வழியே சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். லைவ் வியூவில், அதாவது பின்னால் இருக்கிற திரையில் பாருங்கள்.

சீர்காழி: அலை பஞ்சு மாதிரி, புகை மாதிரி வர எத்தனை செகண்ட்?

முப்பது செகண்ட். ஆனால் எனக்கு அது அலுத்துவிட்டது. கடல் பால்கோவா மாதிரி ஆகிவிடுகிறது. பூம்புகாரில் கரையோரம் கொட்டியிருக்கிற கருங்கல் மேல் அலை ஏறி வழிந்து திரும்பும்போது அரை செகண்ட் வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு கோடாக இழுபடும், தண்ணீர் போகிற திசை தெரியும். அலை வரும்போது அழுத்தாதீர்கள், திரும்பும்போது. வெளிச்சம் ஏறிவிட்டால் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி). 1/30 இருந்த இடத்தில் இரண்டு செகண்ட் கிடைக்கும். நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் ஓதப் பட்டியல் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாசி பிடித்த கல்லைப் பார்த்து மட்டும் கால் வையுங்கள்.

வேதாரண்யம்: உப்பளத்தில் எடுக்கிறேன். டிரைபாட் ஆறு மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கால்களை இழுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். அன்றைக்கே. உப்பு வெள்ளையாகக் குவிந்திருக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கும், ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள்.

நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு தை மாதம் காரைக்காலில் ஏசி அறையில் தங்கிவிட்டு நேரே கரைக்கு வந்தேன். பையைத் திறந்ததும் லென்ஸ் முழுக்க ஈரம் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கிறது. இருபது நிமிட வெளிச்சத்தில் பதினைந்து நிமிடம் துணியோடு போனது. மிச்ச ஐந்து நிமிடத்தில் அவசரமாக எடுத்த நாற்பது படத்திலும் கடல் சாரல் ஒரு பொட்டாக நடுவானத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். இப்போது கேமராப் பையை ராத்திரியே அறைக்கு வெளியே வராண்டாவில் வைத்துவிடுகிறேன். பத்துப் படத்துக்கு ஒருமுறை லென்ஸைப் பார்க்கிறேன். அப்புறம், ஈர மணலில் டிரைபாடை அழுத்தி ஊன்றுங்கள். அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், அடிவானம் சாய்ந்த பிறகுதான் தெரியும்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: என்னிடம் செல்போன்தான் இருக்கிறது. கேள்வி கேட்கலாமா?

தாராளமாக அக்கா. முதலில் லென்ஸை முந்தானையால் துடையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். வானத்தின் வெளிச்சமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டு விழும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். விரலால் பெரிதாக்காதீர்கள், நடந்து கிட்டே போங்கள். கல்லணை மேல் சாயங்காலம் நின்று அந்த மதகுகளையோ, ஆற்றில் நிற்கிற நாணலையோ கறுப்பு நிழலாக எடுத்துப் பாருங்கள். அதில் போன் கேமராவுக்குச் சளைத்ததே இல்லை.

திருச்சி, ஐடி ஊழியர்: கொடைக்கானல் போகிறோம். கடலுக்குச் சொன்னதெல்லாம் மலைக்கும் பொருந்துமா?

சீக்கிரம் போவது பொருந்தும். மற்றது வேறு. பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்குச் சூரியன் பள்ளத்தாக்கில் வராது, எதிர் மலையைத் தாண்டி வரவேண்டும். வெயில் முதலில் சிகரத்தில் விழுந்து மெல்ல இறங்கும். அந்த இறக்கம்தான் படம். கடலில் அகல லென்ஸ் என்றால் இங்கே 70–200 எம்எம் டெலி லென்ஸ் எடுத்துப் போங்கள். அடுக்கடுக்காக மலை, ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளுப்பு. அதை நெருக்கிக் காட்ட டெலிதான் சரி. மழை விட்ட மறுநாள் காற்றில் தூசி இருக்காது. பள்ளத்தில் மேகம் படுத்திருந்தால் அசையாமல் நில்லுங்கள், வெயில் ஏற ஏற அது கிளம்பி மேலே வரும்.

கொடைக்கானலில் பள்ளத்தாக்கு ஓரமாகப் போகிற கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் பிற்பகலில் ஒன்று கிடைக்கலாம். சூரியன் முதுகுப் பக்கம், எதிரே பள்ளத்தில் மூடுபனி என்று அமைந்தால் உங்கள் நிழல் பனியில் பூதாகரமாக விழும், தலையைச் சுற்றி வானவில் வட்டத்தோடு. பிராக்கன் ஸ்பெக்டர் என்பார்கள். நான் மூன்று தடவை போயும் ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் பேட்டரி தீர்ந்திருந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; இரண்டாவதைச் சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவி: விடிகாலை தனியாகப் போக வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

நானும் என் மகளைத் தனியாக அனுப்பமாட்டேன் அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம் விடியும்போதே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். பூம்புகாரில் ஆடி, தை அமாவாசைக்கு விடியுமுன்னே குடும்பம் குடும்பமாக நீராட வருவார்கள். துணைக்குத் துணை, படத்துக்குப் படம். குளிக்கிறவர்கள் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

காரைக்கால்: போய் நின்ற பிறகு மேகமூட்டம். திரும்பிவிடலாமா?

அடிவானத்தைப் பாருங்கள். கடலை ஒட்டிக் கறுப்புச் சுவர் மாதிரி இருந்தால் அன்றைக்கு நிறம் கிடையாது, அலையை எடுங்கள். மேகம் உயரத்தில் இழை இழையாக இருந்து, கீழே ஒரு விரல்கடை இடைவெளி தெரிந்தால் நகராதீர்கள். அந்தச் சந்து வழியாக வெளிச்சம் மேகத்தின் அடிவயிற்றில் அடிக்கும். புயல் சின்னம் கடந்துபோன மறுநாள் இப்படி நிறைய அமையும். போன ஐப்பசியில் பழையாறில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அலுத்துப்போய் வண்டியை எடுத்தார்கள். ஊருக்குள் திரும்புகிற முனையில் அவர்கள் கண்ணாடியில் சிவப்புத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை அப்படியே நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.