பாக்டீரியா மருந்துக்குப் பழகுகிறதா?

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்துக்கு பாக்டீரியா “பழகிக்கொள்கிறது” என்று எழுதியதற்கு ஏன் மதிப்பெண் வெட்டினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்தான் சிக்கல். செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். அது ரைபோசோமில், அதாவது செல்லில் புரதம் செய்யும் பகுதியில், மருந்து ஒட்டும் இடத்தை மாற்றிவிட்டால் மருந்து வேலை செய்யாது. மருந்து வருமுன்பே அப்படிச் சில செல்கள் இருக்கும். மற்றவை செத்ததும் இவை பெருகும்.

1952இல் லெடர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானித் தம்பதி இதை வெறும் வெல்வெட் துணியை வைத்தே காட்டினார்கள்! மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியா மேல் துணியை ஒற்றி, மருந்துள்ள பல தட்டுகளில் அதே வாக்கில் பதித்தார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடங்களில் பாக்டீரியா முளைத்தது. மருந்து பட்ட பிறகு பழகியிருந்தால் தட்டுக்குத் தட்டு இடம் மாறியிருக்கும், இல்லையா? அதனால், “பழகி” என்பதை அடித்துவிட்டு “முன்பே இருந்த மாற்றம் தேர்வானது” என்று எழுதுங்கள்.