சிறுவர் இல்லம் என்றால் என்ன? பிள்ளைகள் அங்கு ஏன் சேர்க்கப்படுகிறார்கள்?

பெற்றோரால் கைவிடப்பட்ட அல்லது தெருவில் நிற்க நேர்ந்த பிள்ளைகளைத் தங்கவைத்து, உணவும் படிப்பும் கொடுத்து, அரசின் நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் மேற்பார்வையில் வளர்க்கும் இடமே சிறுவர் இல்லம். மட்டக்களப்பில் இதன் தேவையைப் பெருக்கியவை நீண்ட போரும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும். வறுமையும், தாய் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போனபின் பார்க்க ஆளில்லாமையும் இன்றும் தொடரும் காரணங்கள்.

வாவியில் காற்று எழும்பும்போது தோணியை அயலவர் துறையில் கட்டிவைத்து, தணிந்ததும் சொந்தத் துறைக்குக் கொண்டுபோவதைப் போன்றதே இந்த ஏற்பாடு. ஆகவே, இல்லத்தை நடத்துபவரின் முதல் வேலை கட்டில்களைக் கூட்டுவதன்று. பிள்ளையின் அம்மம்மாவையோ பெரியம்மாவையோ தேடிக் கண்டு, உறவை அறாமல் வைத்திருப்பதே என்பேன்.

இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பன் அற்றவர்கள், விரும்பியவர் வந்து தத்தெடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பலருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கிறார், தத்தெடுப்புக்கு நீதிமன்றக் கட்டளையும் வேண்டும்.