லடாக் கிளம்பும் வண்டி யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். ரிட்டயர் ஆனதும் மனைவியோடு லடாக் வரை வண்டியிலேயே போய்வர வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. அதற்காகவே ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் ஜீப் எடுத்தேன். பேசிய விலை 8 லட்சத்து 60 ஆயிரம், கொடுத்தது 8 லட்சம். "பிள்ளை மாதிரி வெச்சிருந்த வண்டி சார்" என்றார். நான்கு மாதம் கழித்து, மழையில் குப்பனூர் ரோட்டில் ஏறும்போதுதான் செங்குத்து ஏற்றத்துக்கான 'ஃபோர் லோ' கியர் விழவே இல்லை என்று தெரிந்தது. 70 ஆயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். கிலோமீட்டரையும் குறைத்திருப்பார்களோ என்று சந்தேகம். அவர் மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்தவர்கள் நாங்கள். இப்போது போனை எடுப்பதில்லை. பாக்கி 60 ஆயிரத்தை நிறுத்திவிட்டேன். பணம் வந்தால்தான் வண்டிக் கடன் முடிந்ததற்கு பேங்க் தரும் தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) தருவேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். இன்ஷூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. போலீஸில் மோசடிப் புகார் கொடுப்பதா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதா?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதம் மூன்று பக்கம். சட்டத்துக்கு வேண்டியது அதில் ஒரு வரி: ஆர்.சி. அவர் பெயரில் இருக்கிறது. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, மொய்க்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

ஃபோர் லோ விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விற்றவர் வண்டி வியாபாரி அல்ல, சொந்த வண்டியை விற்ற தனி ஆள். அவர்மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்காது. சிவில் கோர்ட்டில் மோசடி என்று வாதாடலாம். ஆனால் குறையைச் சொல்லாமல் இருந்தது மட்டும் மோசடி ஆகாது என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்பது எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். ஃபோர் வீலுக்காகவே வாங்கிய வண்டியில் அந்த லிவரை ஒருமுறை போட்டுப் பார்க்காமல் வாங்கினேன் என்று கூண்டில் நின்று சொல்லத் தயாரா? கிலோமீட்டர் விஷயத்தில் சர்வீஸ் ரெக்கார்டு கையில் இருந்தால் பேசலாம். சந்தேகம் சாட்சியம் ஆகாது.

போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம். "இது சிவில்" என்று திருப்பி அனுப்பினால் உங்கள் நல்ல நேரம். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் வழக்குச் சொத்து என்று முதலில் பிடிப்பது உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைத்தான். அதைத் திரும்பக் கேட்டு கோர்ட்டில் மனுப் போட்டால், பொதுவாக ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் ஒப்படைப்பார்கள். யோசித்துப் பாருங்கள், நீங்கள் கொடுத்த புகாரில் வண்டி மறுபடி ஏற்காடு ஏறிவிடும்!

இதையே ஒரு விபத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலத்தான், பெயர் மாற்றாமல் வடக்கே கிளம்பினார். சேலத்தைத் தொட்டுப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராக மேலே போய், நாக்பூர் தாண்டி ஒரு பைக்கில் மோதல். தப்பு யார்மேல் என்பது அப்புறம். வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. விடுவிக்க ஆர்.சி.காரர் வர வேண்டும் என்றார்கள். விற்றவரோ, "வித்தாச்சு, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று போனை வைத்துவிட்டார். பவர் எழுதி வாங்கி, அங்கேயே ஒரு வக்கீல் பிடித்து எடுப்பதற்குள் இரண்டு மாதம். அதோடு முடிந்ததா? நொறுங்கிய முன்பக்கத்துக்கு இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தரவில்லை.

எல்லோரும் விழுகிற குழி அதுதான். வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான, அதாவது வண்டி இடித்துப் பாதிக்கப்படுகிறவருக்கான, பாதுகாப்பு தானாகவே கூடவே வரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 157 அப்படி. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி அப்படி வராது. உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே இதைச் சொல்லிவிட்டது. பாலிசி வைத்திருப்பவருக்கு வண்டி சொந்தமில்லை, வண்டி வைத்திருப்பவருக்குப் பாலிசி இல்லை; கம்பெனி இரண்டு பேருக்கும் கை விரித்துவிடும். அடுத்த மாதம் நீங்கள் செய்யப்போவதும் எனக்குத் தெரியும்: ஆன்லைனில் அவர் பெயரிலேயே, அவருடைய நோ கிளெய்ம் போனஸையும் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கான தள்ளுபடி) சேர்த்துப் புதுப்பிப்பீர்கள். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. கிளெய்மை நிராகரிக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30 இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆன்லைனில் ஓ.டி.பி. அவர் செல்போனுக்கல்லவா போகும்? கடன் பதிவு நீங்காமல் பெயரும் மாறாது. அந்த என்.ஓ.சி.யைக் கண்ணால் பார்த்தீர்களா? பெரும்பாலும் 90 நாள் செல்லும் என்று தேதி போட்டுத்தான் தருவார்கள். காலாவதியாகியிருந்தால் அவரே பேங்குக்குப் போய் மறுபடி வாங்க வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலோ, வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று உங்கள் லடாக் தாலுகா ஆபீஸோடு நின்றுவிடும்.

ஆக, 60 ஆயிரத்தைப் பிடித்துவைத்து நீங்கள் யாரையும் தண்டிக்கவில்லை. 8 லட்சத்தைப் பணயம் வைத்திருக்கிறீர்கள். சமாதானமாகப் போங்கள். பொது மனிதர் ஒருவரை வைத்துக்கொண்டு ஏற்காட்டுக்கே நேரில் போய்ப் பேசுங்கள். ரிப்பேருக்காக 30 ஆயிரம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். 20 என்றாலும் சரி. மசியவில்லையென்றால் முழுப் பாக்கியையும் கொடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதற்கு 70 ஆயிரம் ரிப்பேர் மலிவு.

பேசப் போகும்போது கையில் ஒரு துருப்பு இருக்கிறது. பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுக்குச் சட்டப்படி உரிமையாளர் அவர்தான். விற்றாயிற்று என்பது செல்லாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே. (பெயர் மாற்ற உங்களுக்கான 30 நாளும் போயாயிற்று, அதற்கு அபராதம் கட்டலாம்.) பாலிசி முடிந்த மறுநாள் நீங்கள் யாரையாவது இடித்தால் தோட்டத்துக்கு நோட்டீஸ் வரும். மிரட்டாமல், டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த வாரமே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்துவிடுவார்கள்.

பணத்தை மட்டும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். என்.ஓ.சி.யின் தேதியைப் பாருங்கள், கடன் முடிந்ததா என்று பேங்க் கிளையிலேயே கேளுங்கள், ஓ.டி.பி. போட்டு விண்ணப்பம் ஏறிய பிறகு அங்கேயே அக்கவுண்ட்டில் அனுப்புங்கள். வண்டியை எடுத்த தேதியும் நேரமும் போட்டு ஒரு ரசீதில் இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு முந்தைய அபராதங்கள் அவருக்கு.

இன்னொன்று. வண்டியில் புல் பார் (முன்பக்க இரும்புத் தடுப்பு), உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர் எல்லாம் முன்பே போட்டிருந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி.யில் ஏறாத அந்த மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இல் இடிக்கும். வழியில் செக்கிங்கிலும் மாட்டுவீர்கள். புல் பாரைக் கழற்றுங்கள், மற்றதைக் கம்பெனி அளவுக்குத் திருப்புங்கள். கிளம்பும் தேதியை ஆர்.சி.யும் உங்கள் பெயரில் புதுப் பாலிசியும் கைக்கு வந்த பிறகு குறியுங்கள்.