டிவியை அணைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

என் மகன் இந்த ஜூனில்தான் பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி மாறினான். சாயங்காலம் வந்து பையைப் போட்டதும் மல்யுத்தச் சேனல். ரிமோட்டைத் தொட்டால் சீறுகிறான். மற்ற நேரம் உம்மென்று இருக்கிறான். தங்கையும் பார்க்கிறாள்; ஆனால் பாதியிலேயே எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவாள். டிவிதான் அவனைக் கெடுத்துவிட்டதா? கேபிளைத் துண்டித்துவிடலாமா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

ஒரே ஹால், ஒரே டிவி. ஒருத்தி எழுந்து ஓடுகிறாள், ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். பழியை டிவி மேல் மட்டும் போட முடியுமா?

சிகாகோ அருகே 75 பள்ளி மாணவர்களிடம் சிக்சென்ட்மிகாயி, லார்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுத்துப் பார்த்தார்கள். (பேஜர் ஞாபகமிருக்கிறதா?) அது நினைத்த நேரத்தில் கத்தும். எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், மனசு எப்படி இருக்கிறது என்று அந்த நிமிடமே படிவத்தில் குறிக்க வேண்டும். 1984-இல் வந்த முடிவுகளில் எனக்குப் பிடித்தது இது: பிள்ளைகளின் மனநிலை பெரியவர்களுடையதைவிட வேகமாக ஏறி இறங்குகிறது. காலையில் உம்மென்று இருந்தவன் மதியமும் அப்படியே இருப்பான் என்பதற்கில்லை.

அப்புறம் சுபாவம். சட்டென்று கலங்குகிற பிள்ளைக்கு அந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடுதல். கலகலப்பான பிள்ளைக்கு ஆள் வேண்டும். உங்கள் மகள் தெருவுக்கு ஓடுவது அதற்குத்தான். மனசைச் சரிக்கட்டத்தான் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பார் ஊடக ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன். சலித்தவர் பரபரப்பைத் தேடுவார், பதற்றத்தில் இருப்பவர் அமைதியானதை. நான் கணக்கில் கோட்டை விட்ட வருஷம் ஐந்து நாள் டெஸ்ட் மேட்சையும் ஒரு பந்து விடாமல் பார்த்தேன். கிரிக்கெட் ஆசையால் அல்ல.

டிவிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பார்க்கும்போது உடம்பு தளர்ந்து நிம்மதியாக இருக்கும். அணைத்ததும் அந்த நிம்மதி போய்விடும், மந்தம் மட்டும் மிஞ்சும் என்று அதே சிக்சென்ட்மிகாயியும் கியூபி என்ற இன்னொரு ஆய்வாளரும் பெரியவர்களிடம் கண்டார்கள். ரிமோட்டைப் பிடுங்கியதும் அவன் சீறுவதில் இதற்கும் பங்கிருக்கலாம். ஆகவே பேசுவதானால் அந்த நேரத்தில் வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகு பேசுங்கள்.

கேபிள் இருக்கட்டும். பள்ளி மாறியதைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. பழைய பள்ளி நண்பர்கள் யாராவது இப்போது வீட்டுக்கு வருகிறார்களா?