மைதானம் பயமில்லை, மண்டபம்தான் பயம்

(2020-21இல், கொரோனா பரவிய நேரத்தில், மத்திய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது வந்த கேள்விகள். அந்தச் சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன.)

கேள்வி: என் மாமனாருக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தஞ்சாவூரில் நடக்கும் போராட்டத்துக்குப் போயே தீருவேன் என்கிறார். "கொரோனாவாவது ஒண்ணாவது, நிலம் போனா யாரு குடுப்பா?" என்று கேட்கிறார். தடுப்பதா, அனுப்புவதா?
- பெயர் வேண்டாம், ஒரத்தநாடு

பதில்: தடுத்துப் பார்த்திருப்பீர்கள். நடக்காததால்தான் எனக்கு எழுதுகிறீர்கள். அறுபது தாண்டி, சர்க்கரையும் உள்ளவர் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள், சொல்லாமல் விட முடியாது. சரி, போகிறார் என்றே வைத்துக்கொள்வோம்.

வெயிலில் நிற்கிற இரண்டு மணி நேரத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். எனக்கு அது அவ்வளவு பெரிய பயமில்லை. காற்றோட்டமான வெளி, மூக்கும் வாயும் மூடியிருந்தால் ஆபத்து குறைவு. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் இறந்தபின் ஊர் ஊராகக் கூட்டம் திரண்டதே, 300க்கும் மேற்பட்ட நகரங்களின் கணக்கைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு, அதனால் தொற்று எகிறியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் கண்ட இன்னொன்றும் உண்டு: போராட்டத்துக்குப் போகாதவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். ஊர்க்கணக்கு அதில் சரிக்கட்டிப் போயிருக்கலாம். அதனால் இதை மாமனாரிடம் காட்டிவிடாதீர்கள், சான்றிதழாக எடுத்துக்கொள்வார்.

நம்மூரில் போராட்டம் மைதானத்தோடு முடிவதில்லை என்பதுதான் வில்லங்கம். மறியல் என்றால் கைது, கைது என்றால் வேன், வேன் போய் நிற்பது கல்யாண மண்டபம். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய மறியலில் நானும் இருந்தேன், ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. வேனில் நிற்கவும் இடமில்லை. ஒரு டீச்சரின் முகம் என் முகத்துக்கு நாலு விரற்கடை தூரத்தில். மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாடிக் கிடந்தது, கொசுவுக்காக ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் ஊறுகாயை ஒருத்தர் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். சாயங்காலம் விடும்வரை பாட்டும் கோஷமும்தான். அப்படி ஒரு நல்ல நாள் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2020 மார்ச்சில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் கொண்ட பாட்டுக் குழு ஒன்று அறைக்குள் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. 53 பேர் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

ஆகவே மாமனாரிடம் சொல்ல வேண்டியது இதுதான். வேனில் ஏற்றினால் ஜன்னலோரம். மண்டபத்தில் நடுக்கூடம் வேண்டாம், வராந்தா அல்லது வாசல் பக்கம். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்கட்டும். சட்டத்தையே எதிர்க்கப் போகிறவருக்கு ஜன்னல் கேட்பதில் என்ன கூச்சம்? மாஸ்க் கழல்வது சாப்பாட்டு நேரத்தில்தான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்த் தனியாகச் சாப்பிடட்டும், பேச்சு பிறகு.

பையில் அன்றைய மாத்திரை, பிஸ்கட், நாலு மிட்டாய், தனித் தண்ணீர் பாட்டில், மூன்று மாஸ்க். மிட்டாய் விளையாட்டுக்கில்லை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மூன்று மணி வரை பட்டினி கிடந்தால் சிலருக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக்கொட்டும். வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம். போட்டவர் விடுகிற மூச்சு அதன் வழியே அப்படியே வெளியே போகும். கோஷம் போடுகிறேன் என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவதும் கூடாது. கத்தும்போதுதான் எச்சில் துளி அதிகம் தெறிக்கும். பறை அடிக்கத் தெரிந்தால் அடிக்கட்டும். அப்புறம், பந்தலில் கபசுரக் குடிநீர் கொடுப்பார்கள். குடிப்பது அவர் விருப்பம், ஆனால் எல்லோருக்கும் சுற்றிவரும் அந்த ஒரே எவர்சில்வர் டம்ளரில் வேண்டாம்.

கேள்வி: தில்லியில் வேலை பார்க்கிறேன். ஹரியானா பக்கம் உள்ள சிங்கு எல்லைக்குப் போய், அங்கே போராடும் விவசாயிகளோடு இரண்டு நாள் தங்க ஆசை. கண்ணீர்ப்புகை வீசினால் மாஸ்க் காப்பாற்றுமா?
- சிவகங்கைக்காரன்

பதில்: காப்பாற்றாது, தம்பி. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியோடு போங்கள். புகை வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நகருங்கள். கண்ணைக் கசக்காமல், நிறையச் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். பக்கத்தில் இருமுகிற அத்தனை பேரும் மாஸ்க்கைக் கழற்றியிருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2020 நவம்பர் கடைசியில் அந்த எல்லையில் தண்ணீரும் பீய்ச்சினார்கள். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விட முடியாது, மாற்று மாஸ்க்கைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். குளிருக்குப் பயந்து, நாலு பேர் நெருக்கிப் படுக்கிற மூடிய டிராக்டர் டிராலிக்குள் நீங்களும் போய்ப் படுக்காதீர்கள். பகலில் போய் இருந்துவிட்டு, ராத்திரி அறைக்குத் திரும்பிவிடுவதே மேல்.

கேள்வி: கூட்டம் கூடாமல் போராடவே முடியாதா?
- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உங்கள் தெருவில் உட்கார்ந்திருந்த பெண்களும் கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் எழுந்துதானே போனார்கள்! அதே மாதம் 22ஆம் தேதி, மக்கள் ஊரடங்கு அன்று, அதே சட்டத்தை எதிர்த்துத் தில்லி ஷாஹின் பாகில் நடந்த போராட்டத்தில் ஒரு சில பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தங்கள் செருப்புகளைப் பந்தலில் விட்டுச் சென்றார்கள். ஏப்ரலில் இஸ்ரேலின் டெல் அவீவ் நகரச் சதுக்கத்தில் போராட வந்த ஆயிரக்கணக்கானோர் தரையில் குறி போட்டு இரண்டு மீட்டர் தள்ளித் தள்ளி நின்றார்கள். ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போடத் தெரிந்த நமக்கு இதுவும் முடியும். என்ன, வட்டத்துக்குள் நிற்க ஆள் வேண்டும்.

கேள்வி: ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டு மறுநாளே டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?
- மன்னார்குடி

பதில்: காசுதான் போச்சு. உடம்பில் ஏறிய கிருமி தலைகாட்டச் சராசரியாக ஐந்து நாள் ஆகும், சிலருக்கு 14 நாள்கூட. ஐந்தாம் நாளுக்குமேல் எடுங்கள். நடுவில் காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது என்று எது வந்தாலும் உடனே எடுங்கள். அதுவரை வீட்டுக்குள்ளும் மாஸ்க், தனித் தட்டு, தனிப் படுக்கை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் வாசலில் நின்றே பேசுங்கள்.